மூன்று விநாடி பின்னால்: ஒரு விசையின் வரலாறு

1996ஆம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சிறிய வீட்டின் விறாந்தையில் முதியவர் ஒருவரின் முன்னால் அமர்ந்திருந்தேன். ஈய எழுத்துக்களைக் கையால் பொறுக்கிக் கோர்க்கும் அச்சுக்கோப்பாளராக நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் அவர். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு முக்காலி. அதன்மேல் இரண்டு கோப்பைத் தேநீரும் எனது ஒலிப்பதிவுக் கருவியும். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றின் இரண்டு பக்கங்களையும் அவரது பேச்சு நிரப்பிற்று. அதிலிருந்து நான் எழுதிய கட்டுரை அடுத்த ஞாயிறு வெளியாயிற்று. கசெற் ஒரு பிஸ்கற் தகரப்பெட்டிக்குள் போய் உறங்கிற்று.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறேன். அதனுள்ளே நாற்பத்தொரு கசெற்றுக்கள். அவற்றில் பேசுபவர்களிற் பெரும்பாலானோர் இன்று உயிருடன் இல்லை. நாடாக்களைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் சொல்லுக்குச் சொல் எழுத்தில் பெயர்ப்பது என்று வெள்ளவத்தையிலுள்ள எனது வீட்டு மேசையில் இருந்துகொண்டு முடிவெடுத்தேன். அந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய உதவியாக வந்து சேர்ந்தவை மூன்று விசைகள். ஒன்று, பேச்சை நிறுத்தவும் மீண்டும் ஓடவிடவும். இன்னொன்று, மூன்று விநாடி பின்னால் போக. மற்றொன்று, ஐந்து விநாடி முன்னால் போக. இவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று விசைகளும் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளனின் விரல்களுக்கடியில் வந்து சேர்வதற்கு ஒரு நீண்ட வரலாறு நடக்க வேண்டியிருந்தது. அதையே இங்கு சொல்ல விரும்புகிறேன்.

பேச்சைப் பதிந்து பின்னர் எழுத்தாக்குவது என்ற எண்ணம் ஒலிப்பதிவின் பிறப்போடு கூடவே பிறந்தது. தோமஸ் எடிசன் 1877இல் போனோகிராபை உருவாக்கினார். அடுத்த ஆண்டு, அக்கருவியால் என்னென்ன பயன் விளையும் என்று அவர் ஒரு சஞ்சிகையில் பட்டியலிட்டபோது, முதலிடத்தில் வைத்தது இசையை அன்று. சுருக்கெழுத்தாளரின் துணையின்றிக் கடிதங்களைச் சொல்லிப் பதிவதையே அவர் முதலில் வைத்தார். மெழுகு உருளையில் அதிகாரி பேசிவிட்டுப் போவார். தட்டச்சாளர் பின்னர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்டு அடிப்பார். இந்த வேலைக்கென்றே பிறந்த இயந்திரங்களுள் ஒன்றுக்குத்தான் 1907இல் 'டிக்டபோன்' என்ற வணிகப் பெயர் பதிவானது.

அந்த இயந்திரங்களைச் செய்தவர்கள் ஒரு சிக்கலை விரைவிலேயே கண்டுகொண்டனர். தட்டச்சாளரின் இரண்டு கைகளும் தட்டச்சுப் பலகையில் இருக்கின்றன. பேச்சை நிறுத்த ஒரு கையை எடுத்தால் அடிப்பது நிற்கிறது. அடிக்க மீண்டும் கையைக் கொண்டுபோனால் பேச்சு ஓடிவிடுகிறது. ஆகவே நிறுத்தும் வேலையைக் காலுக்குக் கொடுத்தார்கள். தையல் இயந்திரத்தின் மிதிபலகையைப் போல ஒன்று மேசைக்கடியில் வந்தது. கை எழுத, காது கேட்க, கால் காலத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. கொழும்பின் பெரிய அலுவலகங்களில் ஆங்கிலத் தட்டச்சாளர்கள் சிலருக்கு அந்த வசதி கிடைத்திருக்கலாம். தமிழ்ப் பத்திரிகைப் பணிமனைகளில் அப்படியொரு மிதிபலகையை நான் கண்டதில்லை.

நாங்கள் கண்டது கசெற்றைத்தான். காந்தநாடாவில் ஒலிபதியும் 'மக்னற்றபோன்' கருவியை ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டியது. அந்தப் பெரிய சுருள் நாடாவைச் சட்டைப் பைக்குள் அடங்கும்படி சுருக்கியவர்கள் பிலிப்ஸ் நிறுவனத்தார். லூ ஒட்டன்ஸ் என்ற பொறியியலாளரின் தலைமையில் உருவான அந்தச் சிறிய கசெற் 1963இல் அதே பேர்லினில் வெளியிடப்பட்டது. விநாடிக்கு ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் நாடா நகரும். அதன் முன்புறத்தில் பியானோக் கட்டைகளைப் போல வரிசையாக நின்ற விசைகளை எங்கள் தலைமுறையினர் மறக்க முடியாது. வலப்பக்கம் பார்க்கும் ஒற்றை முக்கோணம், இரட்டை முக்கோணங்கள், இரண்டு நிமிர்ந்த கோடுகள், ஒரு சதுரம். இன்று கைப்பேசித் திரையில் குழந்தைகள் தொடும் குறிகளும் இவையே. நாடாவை ஒரு நாளும் கண்டிராத குழந்தைக்கும், நாடா ஓடிய திசையையே அந்த முக்கோணம் காட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த விசைகளைக் கொண்டு ஒரு பேட்டியை எழுத்தாக்கிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சலிப்பூட்டும் வேலை என்று. 'டக்' என்று அழுத்தி நிறுத்த வேண்டும். பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அது கணக்காக மூன்று விநாடியில் நிற்காது. இருபது விநாடி போய்விடும். மீண்டும் கேட்டுக்கொண்டு வரவேண்டும். என் அனுபவத்தில், ஒரு மணித்தியாலப் பேச்சை முழுமையாக எழுத ஐந்து மணித்தியாலம் பிடித்தது. பத்திரிகையில் ஐந்து மணித்தியாலத்தை யார் தருவார்கள்? ஆகவே தெளிவாகக் கேட்டதை எழுதினோம். தெளிவற்றதை ஊகித்தோம், அல்லது விட்டுவிட்டோம். இதைப் பெருமையோடு சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

இனி, வரலாற்றின் மற்றைய கிளைக்கு வருகிறேன். எழுத்து விரலுக்கு வந்த கதை அது.

கொட்டாஞ்சேனைப் பெரியவர் அந்தக் கசெற்றில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விளக்குவது தனது எழுத்துப் பெட்டியைப் பற்றி. இலங்கையில் அச்சுத்தொழிலை ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் தொடங்கிவைத்தனர். யாழ்ப்பாணத்தில் 1841இல் உதயதாரகை வந்தது; ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் 1849இல் வந்தது. கொழும்பில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. இவை எல்லாவற்றுக்கும் பின்னால், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான கைகள் மரப்பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தன. ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறு. பெரியதும் சிறியதுமாக ஐம்பத்திரண்டு. தமிழிலோ 247. அவற்றில் கு, கூ, மு, மூ என்று உகர ஊகார வரிசைகள் ஒவ்வொன்றுக்கும் தனித் தனி உரு. தும்பிக்கை தூக்கிய பழைய 'லை'யும் 'னை'யும் வேறு. தமிழக அரசு 1978இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தின் பின்னரே அந்தத் தும்பிக்கைகள் படிப்படியாக அச்சிலிருந்து மறைந்தன.

"பெட்டியைப் பாக்கிறதில்லைத் தம்பி. பாத்தால் பிழைக்கும். கண் எழுதின கடதாசியில இருக்கோணும். கை தானாப் போகும்" என்று அவர் சொல்வது கசெற்றில் தெளிவாகக் கேட்கிறது. அந்த வசனத்தை 1996இல் எனது கட்டுரையின் தலைப்புக்கு மேல் எடுத்துப் போட்டிருந்தேன். இன்று கேட்கும்போது, விசைப்பலகையின் முழுத் தத்துவத்தையும் கணினியைத் தொட்டே இராத ஒரு மனிதர் இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார் என்று படுகிறது.

தமிழை அந்த மரப்பெட்டியிலிருந்து தட்டச்சுப் பலகைக்குக் கொண்டுவந்தவர் ஒரு யாழ்ப்பாணத்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா, பிழைப்புத் தேடி மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் சென்றவர். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் நாற்பத்துச் சொச்ச விசைகளுக்குள் 247 எழுத்துக்களை அடக்குவது எப்படி என்பதே அவர் முன்னிருந்த வினா. அவர் கண்ட விடை 'நகரா விசை'. சாதாரண விசையை அழுத்தினால் எழுத்துப் பதிந்து, தாள் ஓரிடம் நகரும். நகரா விசையை அழுத்தினால் புள்ளியோ விசிறியோ பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் மெய்யெழுத்து அதே இடத்தில் வந்து விழும். இரண்டு அடியில் ஓரெழுத்து. அவரது பொறிகள் ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டு, தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்றன.

கணினி வந்தபோது அந்தத் தட்டச்சு விரல்களும் கூடவே வந்தன. தொண்ணூறுகளில் ஈழத்தமிழர் உலகெங்கும் எடுத்தாண்டது 'பாமினி' எழுத்துரு. நானும் அதில்தான் பழகினேன். ஆனால் பாமினியில் 'அம்மா' என்று அடித்தபோது கணினிக்கு அம்மா தெரியவில்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளையே அது நினைவில் வைத்திருந்தது. அவற்றின்மேல் தமிழ்ச் சட்டையைப் போர்த்தியது எழுத்துரு. சட்டை இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அம்மாவின் இடத்தில் அந்த ஐந்து குறிகளும் வந்து நின்று பல்லிளிக்கும். கனடாவிலும் நோர்வேயிலும் இருந்த நண்பர்களுக்குக் கட்டுரை அனுப்பி, 'எழுத்துரு இல்லை, வாசிக்க முடியவில்லை' என்ற பதிலைப் பெறாத பத்திரிகையாளன் அன்று இருந்திருக்க மாட்டான்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டும் முயற்சிகள் பல நாடுகளில் நடந்தன. தமிழ்நாட்டில் 1999 பெப்ரவரியில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. 1991இலேயே வெளியாகிவிட்ட யூனிகோட் முறையில் தமிழுக்கெனத் தனி இடம் இருந்தும், அது நமது அன்றாடப் பாவனைக்கு வர மேலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இலங்கையில் தட்டச்சு முறையைத் தழுவிய 'ரெங்கநாதன்' விசைப்பலகை, எஸ்எல்எஸ் 1326 என்ற தரநிர்ணயத்தின் வழியாக 2008இல் நாட்டின் நியம விசைப்பலகையாயிற்று. பழைய விரல்களுக்கு அது பெரிய ஆறுதல். நானும் அதற்கு மாறினேன்.

இங்கேதான் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பாமினிக் காலத்தில் எனது கணினி என்னை ஆங்கிலம் அடிப்பவனாகவே கருதியது. ஆகவே கட்டுப்பாட்டு விசையோடு சீ-யை அழுத்தினால் நகலெடுத்தது, வீ-யை அழுத்தினால் ஒட்டியது. யூனிகோட்டுக்கு மாறியபின் கணினிக்கு உண்மையிலேயே தமிழ் தெரிந்துவிட்டது. சீ இருந்த இடத்தில் இப்போது ஒரு தமிழெழுத்து இருக்கிறது. 'கட்டுப்பாட்டோடு தமிழெழுத்தா? அப்படியொரு கட்டளை எனக்குத் தெரியாதே' என்று சில செயலிகள் விழித்தன. லினக்ஸ் மேசைத்தளத்தில் விசைப்பலகையையே தமிழாக மாற்றிக்கொண்டவர்கள் இதை நன்கு அனுபவித்திருப்பார்கள். சில செயலிகள் அடியிலுள்ள ஆங்கில அமைப்பைத் தேடிப் பார்த்துச் சமாளிக்கும். சில சமாளிக்கா. பொய் சொன்ன காலத்தில் ஓடிய குறுக்குவழிகள், உண்மை சொன்னதும் நின்றுபோயின.

நான் லினக்ஸுக்கு வந்தது கொள்கைப் பிடிப்பினால் என்று சொன்னால் அது பொய்யாகும். எனது மடிக்கணினி பழையது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ எனது கணினி ஏற்காது. ரொறன்ரோவிலிருக்கும் என் தமக்கையின் மகன், "மாமா, காசு செலவழிக்காதேங்கோ, நான் சொல்லுறன்" என்று தொலைபேசியில் வழிகாட்ட, உபுண்டுவை நிறுவிக்கொண்டேன். 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கி மாணவர் லினஸ் ரோவல்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக இணையத்தில் அறிவித்தார். அந்தப் பொழுதுபோக்கு வெள்ளவத்தையில் ஒரு பழைய கணினிக்கு மறுபிறவி கொடுத்திருக்கிறது.

கசெற்றுக்களைக் கணினிக்கு மாற்றுவது எளிதாகவே முடிந்தது. பழைய கருவியின் காதணித் துளையிலிருந்து ஒரு கம்பி. பதிவதற்கு ஓடாசிற்றி என்ற கட்டற்ற மென்பொருள். கேட்பதற்கு, பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த விஎல்சி. சிக்கல் அதன்பின் வந்தது. ஒரு சாளரத்தில் விஎல்சி, இன்னொன்றில் எழுதும் செயலி. பேச்சை நிறுத்தவேண்டுமானால் சுட்டியைப் பிடித்து, மற்றைய சாளரத்துக்குப் போய், நிறுத்தி, திரும்பி வரவேண்டும். டிக்டபோன் தட்டச்சாளரின் பழைய சங்கடம் நூறாண்டுகள் கழித்து என் மேசைக்கு வந்துவிட்டது.

மருமகனிடம் சொன்னேன். "மாமா, மீடியா கீ இருக்கே, அதைப் பாவியுங்கோவன்" என்றான்.

அந்த விசைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. எண்பதுகளின் நடுவில் ஐபிஎம் வகுத்த நூற்றொரு விசைப் பலகையில் இசைக்கென்று எதுவும் கிடையாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கணினியில் பாட்டுக் கேட்கும் பழக்கம் பரவியபோது, விசைப்பலகைகளின் மேல் ஓரத்தில் அந்தப் பழைய கசெற் முக்கோணங்கள் மீண்டும் தலைகாட்டின. லினக்ஸில் அவை தொடக்கத்தில் ஊமை விசைகள். அழுத்தினால் ஏதோ ஓர் எண் வரும். அதற்குப் பெயர் இராது. ஒவ்வொருவரும் தத்தம் பலகைக்கு ஏற்பக் கட்டளைக் கோப்புகள் எழுதிப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

இன்று நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஓட்டு–நிறுத்து' விசையை அழுத்தியதும் லினக்ஸின் கருநிரல் அதற்கு 164 என்ற எண்ணை வழங்குகிறது. எக்ஸ் என்ற வரைகலைத் தளம் அதனோடு எட்டைக் கூட்டி 172 ஆக்குகிறது. முதல் எட்டு எண்களை எக்ஸின் பழைய நெறிமுறை எடுத்துக்கொள்வதில்லை என்பதே காரணம். பின்னர் அந்த எண்ணுக்கு 'எக்ஸ்எஃப்86 ஓடியோ பிளே' என்ற பெயர் கிடைக்கிறது. எக்ஸ்எஃப்86 என்பது எக்ஸ்ஃபிரீ86 என்ற பழைய திட்டத்தின் முதலெழுத்துக்கள். உரிமப் பிணக்கொன்றினால் 2004இல் உருவாக்குநர் பலர் அதை விட்டு விலக, அது மெல்ல மெல்ல மறைந்தது. திட்டம் போய்விட்டது, உலகெங்கும் கோடிக்கணக்கான விசைகள் அதன் பெயரை இன்றும் சுமக்கின்றன. ஒழுங்கைகளின் பழைய பெயர்களை நமது வாய் விடாமல் வைத்திருப்பதைப் போல.

பெயர் கிடைத்தபின், க்னோம், கேடிஈ போன்ற மேசைத்தளம் அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. எந்தச் சாளரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தாலும் சரி, அது நேரே இசைப்பானிடம் போய்ச் சேரும். முன்பெல்லாம் ஒவ்வோர் இசைப்பானுக்கும் ஒவ்வொரு பாஷை. 2000களின் நடுப்பகுதியில் விஎல்சி உள்ளிட்ட சில இசைப்பான்களின் உருவாக்குநர்கள் கூடி, 'எம்பிரிஸ்' என்ற பொதுப் பாஷையை வகுத்தனர். நிறுத்து, ஓட்டு, இத்தனை விநாடி நகர் என்று யார் சொன்னாலும் எல்லா இசைப்பான்களுக்கும் விளங்கும்.

ஆனால் ஊடக விசைகளில் 'முந்தைய பாட்டு', 'அடுத்த பாட்டு' என்றுதான் இருக்கும். எனக்கு முந்தைய பாட்டு வேண்டாம்; முந்தைய மூன்று விநாடி வேண்டும். அதற்கு 'பிளேயர்சிடிஎல்' என்ற சிறுநிரல் உதவிற்று. அதை நிறுவிக்கொண்டபின், உபுண்டுவின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்றேன். குறுக்குவழிகளின் கடைசியில், நாமே ஆக்கிக்கொள்ளும் குறுக்குவழிகளுக்கு இடமுண்டு. மூன்று ஆக்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு கட்டளை, ஒரு விசை. பிளேயர்சிடிஎல்லின் பெயருக்குப் பின் 'பிளே–பாஸ்' என்ற ஆணையை இட்டு எஃப் 8க்குக் கொடுத்தேன். 'பொசிஷன்' என்ற ஆணையோடு 3 என்ற எண்ணையும் அதன் வாலில் ஒட்டியபடி ஒரு கழித்தற் குறியையும் இட்டால் மூன்று விநாடி பின்னால். அது எஃப் 7. ஐந்தும் கூட்டற் குறியும் இட்டால் ஐந்து விநாடி முன்னால். அது எஃப் 9.

ஏன் எஃப் வரிசை என்று கேட்கலாம். முன்னர் சொன்ன வேடிக்கையே காரணம். எழுத்து விசைகள் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொண்டிருக்கின்றன. எஃப் வரிசைக்கு மொழி கிடையாது. தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எஃப் 7, எஃப் 7தான். இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிட வேண்டும். லிப்ரே ஒபிஸில் எஃப் 7 எழுத்துப்பிழை பார்ப்பதற்கான விசை. இனி அதற்குப் பட்டியைத் திறக்க வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் எஃப் விசைகள் ஒளியையும் ஒலியையும் கூட்டிக்குறைக்கவே முதலில் முந்தும்; எஃப்என் என்ற விசையின் பூட்டை மாற்றிக்கொண்டால் வழிக்கு வரும்.

இரண்டு நாளில் விரல்கள் பழகிவிட்டன. கண் திரையில், காது பேச்சில், நடுவிரல் எஃப் 7இல். 'கை தானாப் போகும்' என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

இப்போது அந்தக் கசெற்றின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன்.

1983 யூலை 24ஆம் திகதி இரவு பொறளையில் தொடங்கிய வன்செயல், மறுநாட் காலை வெள்ளவத்தைக்கு வந்தது. காலி வீதியின் இருமருங்கும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்ததை நான் பாடசாலைச் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். பெரியவர் அப்போது வேலைசெய்த சிறிய அச்சகம் காலி வீதியிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அது எரியவில்லை. அயலில் வெதுப்பகம் வைத்திருந்த ஒரு சிங்களவர், பெரியவரைத் தன் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருத்திவிட்டு, அச்சகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றி, தனது பழைய பலகை ஒன்றை அந்த இடத்தில் மாட்டினார். கும்பல் பலகையை வாசித்துவிட்டுக் கடந்து போயிற்று. எழுத்துப் பெட்டிகள் தப்பின.

இவ்வளவும் எனது கட்டுரையில் இருந்தது. ஆனால் அந்த மனிதரை நான் 'பெயர் தெரியாத ஒரு சிங்கள அயலவர்' என்று எழுதியிருந்தேன். காரணம், கசெற்றில் அந்த இடத்தில் புனித லூசியாள் பேராலயத்தின் மணி அடிக்கிறது. மாலை ஆராதனைக்கான மணியாக இருக்க வேண்டும். அன்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன்; விளங்கவில்லை. பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கிராண்ட்பாஸிலிருந்தோ கோட்டையிலிருந்தோ கொட்டாஞ்சேனை எட்டாத தூரமா? போகவில்லை. பெயர் தெரியாதவர் என்பது கட்டுரைக்கு ஓர் அழகைக்கூடத் தருகிறது என்று அந்த வயதில் நினைத்திருப்பேன்.

கட்டுரை வந்து சில வாரங்களின் பின் வீதியில் அவரைச் சந்தித்தேன். "நல்லா எழுதியிருக்கிறீங்கள் தம்பி. ஆனால்..." என்று தொடங்கியவர், பின்னர் பேச்சை மாற்றி, என் வீட்டார் சுகத்தை விசாரித்தார். அந்த 'ஆனால்' என்னவென்று நான் கேட்கவில்லை. 2004இல் அவர் காலமானார்.

சென்ற மாதம் ஓர் இரவு, வேகத்தை முக்காற் பங்காகக் குறைத்துவிட்டு, எஃப் 7ஐ அழுத்தினேன். மூன்று விநாடி. மீண்டும் எஃப் 7. மீண்டும். எத்தனை முறை என்று எண்ணவில்லை, முப்பதுக்குக் குறையாது. மனிதக் காது விசித்திரமானது. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், மணியை ஒரு பக்கமாகவும் குரலை ஒரு பக்கமாகவும் அது பிரித்து வைத்துவிடுகிறது. முதலில் பெயரின் கடைசி அசை வந்தது. பின்னர் நடு. பின்னர் முழுப்பெயர். அதைத் தொடர்ந்து, மணியோசை அடங்கும் இடத்தில், நான் அன்று கவனியாமலே விட்ட ஒரு வசனம்:

"பேரைப் போடுங்கோ தம்பி. அவற்ற பிள்ளையள் பாக்கட்டும்."

எழுதிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஒரு மனிதர் தன்னைக் காப்பாற்றியவருக்குச் செலுத்த விரும்பிய நன்றியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நான் அதை ஒரு தகரப்பெட்டிக்குள் போட்டு மூடியிருக்கிறேன். 'பெயர் தெரியாத' என்று அச்சிலும் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் அந்த ஒழுங்கைக்குப் போனேன். என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அச்சகமும் இல்லை, வெதுப்பகமும் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. மூலைக் கடைக்காரர் ஒருவருக்கு வெதுப்பகக் குடும்பத்தை நினைவிருந்தது. அவர்கள் தெற்குப் பக்கம், மாத்தறையை நோக்கிப் போய்விட்டதாகச் சொல்லி, ஒரு தொடர்பைத் தேடித் தருவதாகவும் சொன்னார். காத்திருக்கிறேன். அந்தப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. பிள்ளைகளைக் கண்டு, கசெற்றின் அந்தப் பகுதியைக் கேட்கவைத்து, அவர்களுடைய சம்மதத்தோடு எழுதுவதே முறை. இத்தனை ஆண்டுகள் பிந்திய வேலையை இன்னொரு அவசரத்தில் கெடுக்கக் கூடாது.

இதை வாசிக்கும் உங்களிற் பலரது வீடுகளிலும், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்ணிலோ, ஒரு தகரப்பெட்டி இருக்கக்கூடும். தொலைபேசிக்குக் காசில்லாத எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாம் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்பினோம். அம்மா பேசியிருப்பார், பின்னால் சேவல் கூவியிருக்கும், யாரோ ஒரு பிள்ளை இடையில் வந்து பாடியிருக்கும். காந்தநாடா என்றென்றைக்கும் வாழும் பொருளன்று. அதன்மேற் பூசிய காந்தத்தூள் உதிரும், நாடா ஒட்டிக்கொள்ளும், கருவிக்குரிய வார்ப்பட்டை தேய்ந்துபோகும். ஆகவே கருவி ஓடும்போதே அவற்றைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியபின், நேரம் எடுத்து எழுத்திலும் பெயர்த்துவிடுங்கள். எந்த இயங்குதளமானாலும் சரி, மூன்று விநாடி பின்னால் போகும் விசை ஒன்றை விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். விளங்காத இடத்தை ஊகிக்க வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

என் பெட்டியில் இன்னும் முப்பத்தாறு கசெற்றுக்கள் இருக்கின்றன.